வரைவாக இருக்கும்போதே

அமெரிக்க மத்திய அரசில் நான் பல ஆண்டுகள் பார்த்த வேலையை ஊரில் யாரிடமாவது விளக்கினால், முதலில் நம்ப மாட்டார்கள். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிய வழக்கறிஞர் நான். அதே அரசாங்கத்தின் இன்னொரு துறை ஒரு விதியை எழுதினால், அதை வரி வரியாகப் படிப்பேன். சின்னத் தொழில் செய்பவர்களை அது தேவைக்கு மேல் வருத்தும் என்று தெரிந்தால், ‘இந்த இடத்தை மாற்றுங்கள். இதே பலனைக் குறைந்த செலவில் இப்படிப் பெறலாம்’ என்று கடிதம் எழுதுவேன். அலுவலகத் தலைவரின் கையெழுத்தோடு என் கையெழுத்தும் அதில் இருக்கும். அது பொது ஆவணம். பத்திரிகைக்காரர் படிக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினர் படிக்கலாம், பின்னால் வழக்கு வந்தால் நீதிபதியும் படிக்கலாம்.

அந்த அலுவலகத்துக்கு அட்வகசி அலுவலகம் என்று பெயர். வாஷிங்டன் நகரத்தின் தென்மேற்குப் பகுதியில், மூன்றாம் தெருவில், சிறுதொழில் நிர்வாகத் துறையின் கட்டடத்துக்குள் இருக்கிறது. இடம் அந்தத் துறையுடையது என்றாலும் குரல் எங்களுடையது. 1976-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அப்படித்தான் அமைத்தது. அலுவலகத்தின் தலைமை ஆலோசகரை அதிபர் நியமிப்பார். செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். எங்கள் கடிதங்களை முன்கூட்டியே வெள்ளை மாளிகைக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆட்கள் மொத்தம் ஐம்பது பேர் அளவில்தான். வழக்கறிஞர்கள், பொருளாதார வல்லுநர்கள், பத்து மண்டலங்களில் ஊர் ஊராகப் போய்த் தொழில்காரர்களைச் சந்திக்கும் பிரதிநிதிகள், அவ்வளவுதான்.

அங்கே நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னத் தொழில்காரர் சட்டத்திடம் கேட்பது சலுகை இல்லை, கணக்கு. விதியை எழுதுகிறவர்கள் அவரையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எழுதினார்களா என்பதே அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கு மதிப்பிருக்கும் காலம் மிகக் குறுகியது. விதி வரைவாக இருக்கும்போது கேட்டால் பலன் உண்டு. அச்சாகி அமலுக்கு வந்தபின் கேட்டால் அது வெறும் புலம்பல்.

ஐந்து பேர் கடையும் நானூறு பேர் ஆலையும்

ஒரு விதியால் வரும் செலவில் பெரும்பகுதி தொழிலின் அளவைப் பார்த்து வருவதில்லை. ஒரு படிவத்தைப் புரிந்துகொள்ள ஆகும் நேரம் ஐந்து பேர் கடைக்கும் நானூறு பேர் ஆலைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆலையில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு, அன்றைய கல்லாக் கணக்கை முடித்துவிட்டு, முதலாளியே உட்கார்ந்து நிரப்ப வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டம் கவனித்தது 1980-இல். அந்த ஆண்டு ஜனவரியில் சிறுதொழில்காரர்களுக்காக வெள்ளை மாளிகை கூட்டிய மாநாட்டில் இந்தக் குறை பெரிதாக எழுந்தது. செப்டம்பர் 19 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒழுங்குமுறை நெகிழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1981-ஆம் ஆண்டின் முதல் நாள் அது அமலுக்கு வந்தது. விதி எழுதும் ஒவ்வொரு துறையும் சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும் என்கிறது அது. இந்த விதி எத்தனை சிறு நிறுவனங்களைத் தொடும்? அவர்களுக்கு என்ன செலவாகும்? அதே நோக்கத்தை வேறு எந்த வழியில் எட்டலாம்? அந்த வழியை எடுக்காததற்குக் காரணம் என்ன?

சிறு நிறுவனம் என்றால் கடையும் பட்டறையும் மட்டுமல்ல. ஐம்பதாயிரம் பேருக்குக் குறைவாக வாழும் ஊரின் நிர்வாகமும், சிறிய தொண்டு நிறுவனமும் இந்தச் சட்டத்துக்குள் வரும். 2001-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் ஆர்சனிக் அளவை நூறு கோடியில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தபோது, எங்கள் மேசையில் இருந்தவை சின்ன ஊர்களின் தண்ணீர்க் கணக்குகள். சில நூறு வீடுகளுக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் என்றால், பெருநகரத்தைவிடத் தலைக்கு ஆகும் செலவு பல மடங்கு. வீட்டுச் சமையலறைக் குழாயின் கீழே வடிகட்டி பொருத்தி ஊர் நிர்வாகமே பராமரிக்கும் முறையை, சிறிய அமைப்புகளுக்கு ஏற்ற வழிகளில் ஒன்றாக முகமை ஏற்றது. ஆர்சனிக் வரம்பு தளரவில்லை. அதை எட்டும் பாதைதான் விரிந்தது.

காலையில் முதலில் படிக்கும் பக்கம்

மத்திய அரசின் அறிவிப்புகள் வேலை நாள்தோறும் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் வரும். ஒரு வரைவு விதிக்கு நூறு பக்க முன்னுரை இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் பழகியவர்கள் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போவார்கள். ‘இந்த விதி கணிசமான எண்ணிக்கையிலான சிறு நிறுவனங்கள் மீது குறிப்பிடத்தக்க பொருளாதாரத் தாக்கத்தை ஏற்படுத்தாது என்று சான்றளிக்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வாக்கியத்தைத் தக்க ஆதாரத்தோடு எழுதிவிட்டால், மேலே சொன்ன கேள்விகள் எதற்கும் துறை பதில் எழுத வேண்டியதில்லை. அதனால் என் வேலையில் பாதி அந்த ஒற்றை வாக்கியத்தைச் சோதிப்பதில்தான் போனது.

எப்படிச் சோதிப்பது என்று ஒரு உதாரணக் கணக்கால் சொல்கிறேன். ஒரு விதியால் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 12,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தித் தொழிலில் பொதுவாக 500 பேர் வரை வேலை செய்தால் அது சிறு நிறுவனம்தான். பல தொழில்களில் வரம்பு இன்னும் மேலே போகும். நானூறு பேர் வேலை செய்யும் ஆலையின் ஆண்டு விற்பனை 8 கோடி டாலர் என்றால், 12,000 டாலர் அவர்களுக்கு 0.015 சதவீதம். ஐந்து பேர் பட்டறையின் விற்பனை 6 லட்சம் டாலர். அங்கே அதே தொகை 2 சதவீதம். அந்தப் பட்டறையின் லாபம் விற்பனையில் 4 சதவீதம் என்றால், லாபத்தில் பாதி போய்விட்டது. ஆலையையும் பட்டறையையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால், பட்டறையின் பாரம் ஆலையின் விற்பனைக்குள் கரைந்துபோகும். ‘சராசரித் தாக்கம் ஒரு சதவீதத்துக்கும் கீழே’ என்று துறை எழுதும். ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கும். அவற்றிலிருந்து வந்த முடிவு மட்டும் தவறாக இருக்கும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை எப்போதும் ஒன்றுதான்: அட்டவணையைப் பிரியுங்கள். இருபது பேருக்குக் கீழே தனியாக, நூறு பேருக்குக் கீழே தனியாக, அதற்கு மேல் தனியாகக் காட்டுங்கள். தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா, இருபது பேருக்குக் குறைவான நிறுவனங்களைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டுவதை வழக்கமாகவே வைத்திருந்தது. எல்லாத் துறைகளும் அப்படி இல்லை. ஒரு துறையின் பொருளாதார வல்லுநர் தொலைபேசியில், “இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தால் எங்களிடம் தரவு போதாது” என்றார். “தரவு போதாது என்றால் தாக்கம் இல்லை என்று எப்படிச் சான்றளித்தீர்கள்?” என்று கேட்டேன். அடுத்த வாரம் புதிய அட்டவணை வந்தது.

சதவீதத்தில் வகுக்கும் எண்ணும் முக்கியம். புளோரிடாவின் சுறா மீனவர்கள் வழக்கில் இது நீதிமன்றம் வரை போனது. 1997-இல் தேசியக் கடல் மீன்வளத் துறை, அட்லாண்டிக் கரையோரப் பெரிய சுறாக்களைப் பிடிக்கும் அளவைப் பாதியாகக் குறைத்தது. சிறு மீனவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. எப்படி? உரிமம் வைத்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அது மொத்தமாக எடுத்துக்கொண்டது. உண்மையில் சுறா பிடித்துக் கரைசேர்த்தவர்கள் சில நூறு பேர்தான். சுறாவையே தொடாதவர்களையும் சேர்த்து வகுத்தால் பாதிப்பு சிறியதாகத்தானே தெரியும்? 1998-இல் டாம்பா நகர நீதிமன்றம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பிடிப்பளவைக் குறைக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்றது, ஆனால் சிறு மீனவர்கள் மீதான தாக்கத்தை ஒழுங்காக ஆராய்ந்து வரும்படி திருப்பி அனுப்பியது. சுறா இனம் அழியாமல் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் காக்கும் விதியின் பாரத்தைச் சுமக்கிறவர் யார் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. சுரங்கத் தொழிலுக்கான பிணைத்தொகை விதி ஒன்றை எழுதிய நில மேலாண்மைத் துறை, சிறு நிறுவனம் என்பதற்குச் சட்டம் ஏற்ற வரையறையை விட்டுவிட்டுத் தன் வரையறையை வைத்துக்கொண்டது. விதி நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

இவை சாத்தியமானது 1996-க்குப் பிறகுதான். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் சட்டம் புத்தகத்தில் இருந்தது; துறைகள் மீறினால் அதற்காகவே நீதிமன்றம் போக வழியில்லை. 1996 மார்ச்சில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட திருத்தச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை நாங்கள் சப்ரீஃபா என்போம். நான் செய்த வேலையிலேயே மனநிறைவு தந்த பகுதி அதன் இன்னொரு ஏற்பாட்டிலிருந்து வந்தது. அதுதான் பேனல்.

தொலைபேசியில் ஒரு ஒப்பந்தக்காரர்

சுற்றுச்சூழல் முகமையோ ஓஷாவோ சிறு நிறுவனங்களைப் பெரிதாகப் பாதிக்கும் ஒரு விதியை எழுத நினைத்தால், வரைவை வெளியிடுவதற்கு முன்பே ஒரு குழு கூட்ட வேண்டும். 2010-க்குப் பிறகு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்துக்கும் இந்தக் கடமை உண்டு. குழுவில் விதி எழுதும் துறை ஒரு பக்கம், வெள்ளை மாளிகையின் ஒழுங்குமுறை அலுவலகம் இன்னொரு பக்கம், நாங்கள் மூன்றாவது. இந்த மூவரும் அந்தத் தொழிலைச் செய்கிறவர்களிடமே நேரடியாகப் பேசி, அறுபது நாளுக்குள் அறிக்கை தர வேண்டும்.

யாரைப் பேச அழைப்பது என்பதில்தான் எங்கள் உழைப்பு அதிகம். தொழில் சங்கங்களின் வாஷிங்டன் பிரதிநிதிகள் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்தவர்கள் அல்ல. எங்களுக்கு வேண்டியவர் காலை ஆறு மணிக்கு லாரியில் கருவிகளை ஏற்றுகிறவர். அவருக்கு இதற்காக ஒரு காசு கிடையாது. ஒரு நாள் வேலையை விட வேண்டும். துறை அனுப்பும் நூற்றுக்கணக்கான பக்கங்களை அவர் படித்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எந்தப் பக்கத்தில் அவர் தொழில் இருக்கிறது என்று குறித்துக் கொடுத்து, அழைப்புக்கு முன்தினம் மாலை அவரோடு உட்கார்ந்து பேசித் தயார்ப்படுத்துவோம்.

சிலிக்கா தூசி விதியை எடுத்துக்கொள்கிறேன். கான்கிரீட்டையும் செங்கல்லையும் அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலைக் கல்லாக்கும். 1930-களில் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் இந்தத் தூசியால் செத்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். இப்படிப்பட்ட விதியின் முன் ‘சின்னத் தொழில்’ என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு குறுக்கே நிற்க யாருக்கும் உரிமையில்லை. என் மனசாட்சியும் அதற்கு இடம் தராது. அந்தப் பட்டறைகளில் தூசியைச் சுவாசிப்பவர்களில் முதலாளியும் ஒருவர், அவர் மகனும் ஒருவன்.

2003-இல் ஓஷா இதற்கான பேனலைக் கூட்டியது. காற்றில் தூசி எவ்வளவு என்று அளந்து, வரம்புக்குள் வைப்பதுதான் இத்தகைய விதிகளின் வழக்கமான அச்சு. ஒரு கட்டுமான ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் அமைதியான குரலில் கேட்டார்: “திங்கட்கிழமை ஒரு வீட்டுக்கு வெளியே நடைபாதை அறுக்கிறோம். செவ்வாய் ஒரு அடித்தளத்துக்குள்ளே சுவர் உடைக்கிறோம். காற்றை அளந்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வரும்போது நாங்கள் மூன்றாவது இடத்தில் இருப்போம். அந்த எண்ணை வைத்து நான் எதைத் திருத்துவது?” அறையில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர் மேலும் சொன்னார்: “எந்த ரம்பத்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்த இயந்திரத்துக்கு எந்த உறிஞ்சி என்று சொல்லுங்கள். அதை நாளைக்கே செய்கிறேன்.”

குளிர்ப் பிரதேசத்திலிருந்து பேசிய இன்னொருவர், ஜனவரியில் தண்ணீர் குழாயிலேயே உறைந்துவிடும், தரையில் சிந்தினால் பனிக்கட்டியாகி ஆள் வழுக்கி விழுவார் என்றார். அளவைக் கருவியோடு வரும் ஆலோசகர் ஒரு நாளுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதை ஒருவர் ரசீதோடு காட்டினார்.

விதி இறுதியானது 2016 மார்ச்சில். வரம்பு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். ஆண்டுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்படும் என்று ஓஷா மதிப்பிட்டது. கட்டுமானத் தொழிலுக்கு அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. பதினெட்டு வகைக் கருவிகளையும் வேலைகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. கையால் பிடித்து அறுக்கும் ரம்பமா? பிளேடின் மேல் இடைவிடாமல் தண்ணீர் விழ வேண்டும். வெளியிடத்தில் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் சுவாசக் கவசம் தேவையில்லை; அதற்கு மேல் போனாலோ உள்ளிடத்தில் அறுத்தாலோ தேவை. இதை முழுமையாகக் கடைப்பிடிக்கும் ஒப்பந்தக்காரர் அந்த வேலைக்குக் காற்றை அளக்க வேண்டியதில்லை.

அந்த அட்டவணை எங்களால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஓஷாவின் பொறியாளர்கள், தொழிற்சங்கங்கள், கருவி செய்பவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. விதியின் எல்லா அம்சங்களும் சிறுதொழில்காரர்களுக்கு உவப்பாக இருந்தன என்றும் சொல்ல முடியாது. பேனலுக்கும் இறுதி விதிக்கும் இடையே பதிமூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன, பழைய செலவுக் கணக்குகள் செல்லாது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த அட்டவணையைப் படிக்கும்போது தெரியும், ரம்பத்தைக் கையில் பிடித்தவர்களின் பேச்சு அதற்குள் இருக்கிறது. தொழிலாளியின் நுரையீரலுக்கும் அது நல்லது. அளவைக் காகிதத்தை எங்கோ கோப்பில் வைத்துவிட்டு உலர் ரம்பத்தால் அறுப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

‘எங்களை அழித்துவிடும்’ என்று சொன்னால் போதாது

பாதிக்கப்படுகிறவர் முதலில் சொல்வது, “இந்த விதி வந்தால் கடையை மூட வேண்டியதுதான்.” அது பொய்யாக இருக்காது. ஆனால் அதைக் கடிதத்தில் எழுதினால் துறை ஒரு வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிடும். எனவே அவரை உட்காரவைத்து ஐந்து விஷயங்கள் கேட்பேன். எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு உங்களைத் தடுக்கிறது? அந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறீர்கள்? புதிதாக யார், எத்தனை மணி நேரம் செலவிட வேண்டும்? கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு, அது ஒரே முறையா, ஆண்டுதோறுமா? இந்த விதி காக்க நினைக்கும் மனிதரை நீங்களே காப்பதானால் எப்படிக் காப்பீர்கள்?

ஐந்தாவது கேள்விதான் உயிர்நாடி. அதற்குப் பதில் இருந்தால் எங்கள் கடிதத்துக்கு வலு வரும். பதில் இல்லையென்றால், செலவு பெரிதாக இருந்தாலும், விதியை எழுதுகிறவர் வேறு என்ன செய்வார்?

நீச்சல்குள விதி இதற்கு நல்ல உதாரணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் நீதித் துறை 2010 செப்டம்பரில் வெளியிட்ட தரநிலைகளின்படி, விடுதி நீச்சல்குளங்களில் சக்கர நாற்காலியில் வருபவர் இறங்க மின்தூக்கி இருக்கை போன்ற வசதி வேண்டும். 2012 மார்ச் 15 கெடு. அந்த ஜனவரி இறுதியில்தான், முடிந்தவரை தரையில் பதித்த தூக்கியாக இருக்க வேண்டும் என்ற விளக்கம் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்துச் சிறு மோட்டல்களில் கணிசமானவை இந்தியர்களுடையவை, பெரும்பாலும் குஜராத்திகள். எங்கள் தொலைபேசிகள் ஓயவில்லை.

ஒருவர் இரண்டு தூக்கிகள் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லக்கேட்டு, குளத்தை மண் போட்டு மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். “உங்கள் குளம் என்ன அளவு?” என்று கேட்டேன். இருபதடிக்கு நாற்பதடி. சுவரின் சுற்றளவு 120 அடி. முந்நூறு அடிக்குக் குறைவான குளத்துக்கு ஒரு வழி போதும் என்று தரநிலையிலேயே இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தில், பெரிய சிரமமும் செலவும் இல்லாமல் செய்யக்கூடியதைத்தான் சட்டம் கேட்கிறது என்பதையும் படித்துக் காட்டினேன். அவர் மூச்சு விட்டார். பிறகு அவரே, “என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரைப் போல ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்தால் குளத்தில் இறங்க வழி வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எவ்வளவு நாளில், எந்தக் கருவி என்பதுதான் என் பிரச்சினை” என்றார். அதைத்தான் அரசிடம் கொண்டுபோக வேண்டும். குழப்பம் பரவியிருப்பதைப் பார்த்து நீதித் துறை கெடுவை முதலில் மே மாதத்துக்கும், பிறகு 2013 ஜனவரி 31-க்கும் நகர்த்தியது. முதல் கெடுவுக்கு முன்பே நகர்த்தக்கூடிய தூக்கி வாங்கியவர்கள், குளம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அதைக் குளத்தருகே இயங்கும் நிலையில் வைத்தால் போதும் என்றும் விளக்கியது.

கால அவகாசம் என்பது சிறு நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு டீசல் விதியே சாட்சி. லாரி, பஸ்களுக்கான டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 15 பங்காகக் குறைக்க 2001-இல் விதி வந்தது. கந்தகம் இருந்தால் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிகள் கெட்டுப்போகும். ஆகவே விதி நியாயமானது. 2006-இல் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் மாறின. 1,500 பேருக்கு மிகாத, நாளுக்கு 1,55,000 பீப்பாய்க்கு மிகாத சிறிய ஆலைகளுக்கு 2010 வரை அவகாசம் பெறும் வழி தரப்பட்டது. எல்லா ஆலைகளும் ஒரே சமயத்தில் அதே பொறியாளர்களையும் அதே கொதிகலன் செய்பவர்களையும் தேடினால், வரிசையில் கடைசியில் நிற்பது சின்ன ஆலைதான். நான்கு ஆண்டு கிடைத்தால் வங்கிக் கடனும் கிடைக்கும், ஆளும் கிடைக்கும். டீசல் சுத்தமானது, சின்ன ஆலைகளுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது.

எங்கள் கை எட்டாத இடங்கள்

இந்தச் சட்டத்தின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். மாற்று வழிகளை ஆராயச் சொல்கிறதே தவிர, மலிவான வழியைத் தேர்ந்தெடுக்க அது கட்டாயப்படுத்துவதில்லை. ‘குறிப்பிடத்தக்க தாக்கம்’ எவ்வளவு, ‘கணிசமான எண்ணிக்கை’ எத்தனை என்று சட்டத்தில் எங்குமே இல்லை. ஒரு துறை ஒரு சதவீதம், மூன்று சதவீதம் என்று தனக்கொரு வரம்பு வைத்துக்கொள்ளும். இன்னொரு துறை எதுவுமே வைத்துக்கொள்ளாது. இதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று அரசின் தணிக்கை அலுவலகம் நாடாளுமன்றத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

1985-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், விதி நேரடியாகக் கட்டுப்படுத்தும் நிறுவனங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. மின் உற்பத்தியாளருக்கான விதியால் மின்சாரம் வாங்கும் சின்னக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டணம் ஏறினாலும், அந்தச் சங்கம் கணக்கில் வராது. பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் பலவும் இந்த ஓட்டையில் விழுந்துவிடும். தொலைபேசியில் அவர்களிடம், ‘உங்கள் கஷ்டம் உண்மை, ஆனால் இந்தச் சட்டம் உங்களைப் பார்க்காது’ என்று சொல்வது எனக்கு மிகவும் வலித்த கடமை.

எங்கள் அலுவலகத்தைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையைச் சின்னது என்பது நியாயமா, பெரிய தொழில் சங்கங்கள் சின்னவர்களின் பெயரில் தங்கள் காரியத்தைச் சாதித்துக்கொள்வதில்லையா என்று கேட்கிறார்கள். 2014-இல் தணிக்கை அலுவலகம் எங்கள் வட்டமேசைக் கூட்டங்களின் பதிவுகளும் ஆய்வுகளின் தரச் சோதனையும் போதாது என்று எழுதியது. இந்தக் கேள்விகளை நான் மதிக்கிறேன். பெரிய ஆலையின் நஷ்டத்தைச் சின்னப் பட்டறையின் வாயால் பேசவைத்தால், அடுத்த முறை பட்டறைக்காரர் உண்மையாகவே அழும்போது யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு ஒரே பரிகாரம், ஒவ்வொரு கடிதத்திலும் எந்த அளவு நிறுவனத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவதும், சங்கத்தின் அறிக்கைக்குப் பதிலாகக் கடைக்காரரின் ரசீதை வைப்பதும்தான்.

2010-இல் வந்த சட்டத்தால் ஒரு நல்லது நடந்தது. எங்கள் கடிதத்துக்கு இறுதி விதியில் துறை கட்டாயம் பதில் எழுத வேண்டும் என்று ஆனது. ஏற்க மறுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும். காரணம் எழுத உட்காரும்போதுதான் பல அதிகாரிகள் தங்கள் கணக்கை மறுபடி பார்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள், தங்கள் துறையில் ஆழ்ந்த அறிவுள்ளவர்கள். ஒரு சலவைக் கடை எப்படி ஓடுகிறது, ஒரு படகின் டீசல் செலவு என்ன என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாமல் இருந்தது. தெரியவைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இந்தியாவிலும் மத்திய அரசின் சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. தொழில் செய்யும் தமிழர்களிடம் நான் சொல்வது இது. உங்கள் தொழிலைத் தொடும் வரைவு ஒன்று வந்தால், கண்டனத் தீர்மானத்தோடு நின்றுவிடாதீர்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். உங்கள் பட்டறையில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். செலவை ரசீதோடு காட்டுங்கள். அந்த விதி காக்க நினைக்கும் தொழிலாளியையும் ஆற்றையும் வாடிக்கையாளரையும் எப்படி நீங்கள் காப்பீர்கள் என்பதை மறக்காமல் சேருங்கள். இளம் வழக்கறிஞர்கள் இதில் உங்களுக்குத் துணை நிற்கலாம். நீதிமன்றத்தில் ஜெயிக்கும் வழக்கைவிட, வழக்கே தேவைப்படாமல் செய்யும் ஒரு திருத்தம் எத்தனையோ குடும்பங்களைக் காக்கும். அப்படி எழுதப்பட்ட இரண்டு பக்கம் ஒரு விதியின் வாசகத்தை மாற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசித் தேதிக்கு முன் அனுப்பிவிடுங்கள்.